விருந்தாக வந்த ஆசான்கள்
உதயசங்கரின் நடனக் குழுவும் அதற்குத் துணை நின்றோரும்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் நாட்டுப் பழமொழி. இல்லத்துக்கு வரும் விருந்தினருக்கு இது பொருந்தலாம். ஆனால் கலைக்குழு ஒன்றுக்கு விருந்தாக வரும் ஆசானுக்கு நாட்கணக்கு வேறு. அவர் ஒரு பருவம் தங்கி, ஓர் ஆடலை அமைத்துக் கொடுத்து, விடைபெற்றுச் சென்று விடுவார். அவர் கற்பித்த நிலையும் நடையும் கையசைவும் மட்டும் அக்குழுவினரின் உடலிலேயே குடிகொண்டு விடும். சில வேளைகளில் குழு கலைந்த பின்னரும், அதில் பயின்றவர்கள் சென்ற இடமெல்லாம் அவ்வாசானின் கலையும் உடன் செல்லும்.

இன்று புதுமை நடனத்தை மேற்கொண்ட குழுக்கள் வெளியிலிருந்து ஆடலமைப்பாளர்களை அழைத்துப் புதிய நிகழ்ச்சிகளை உருவாக்குவது உலகெங்கும் வழக்கமாக இருக்கிறது. நமது நாட்டில் இவ்வழக்கத்துக்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவர் உதயசங்கர். அவரே முதலில் ஒரு வேற்று நாட்டுக் குழுவுக்கு விருந்தினராகச் சென்றவர். பின்னர் தம் குழுவுக்குப் பல ஆசான்களை வரவழைத்து விருந்தோம்பியவர். இவ்விரண்டு நிலைகளையும் ஒருவரே கண்டதனால், விருந்தாசானால் ஒரு குழு பெறுவது யாது, இழப்பது யாது என்ற கேள்விக்கு அவருடைய வாழ்வே நல்ல விடையாக அமைகிறது.

உதயசங்கர் 1900-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் உதயபுரியில் பிறந்தார். வங்காளக் குடும்பத்தைச் சேர்ந்த அவருடைய தந்தையார் சியாம் சங்கர் ராஜபுதனத்துச் சமஸ்தானம் ஒன்றில் உயர்பதவி வகித்தவர், வடமொழியில் வல்லவர். மைந்தரோ நடனம் பயிலப் புறப்பட்டவர் அல்லர். பம்பாயில் ஜே. ஜே. கலைப்பள்ளியில் ஓவியம் கற்று, 1920-இல் இலண்டன் சென்று, அங்குள்ள அரச கலைக்கல்லூரியில் வில்லியம் ரோதன்ஸ்டைனிடம் மாணவராகச் சேர்ந்தார். எந்த நாட்டியாசாரியரிடமும் அவர் முறையாகச் சிட்சை பெற்றிருக்கவில்லை. சிறு வயதில் கிராமத்திலே கண்ட நாட்டுப்புற ஆட்டங்களும், ராஜபுதனத்து விழாக்களும், ஓவியங்களிலும் சிற்பங்களிலும் கண்ட மெய்ப்பாடுகளுமே அவருக்கு முதல் ஆசான்கள்.

இந்த நிலையிலேதான் அன்னா பாவ்லோவாவின் சந்திப்பு நேர்ந்தது. உருசிய நாட்டுப் பாலே நடனத்தின் ஒப்பற்ற அரசியாக விளங்கிய அவ்வம்மையார், 1922-இல் இந்தியாவுக்கு வந்து சென்றவர். இந்நாட்டின் கலையில் ஆர்வம் கொண்டிருந்தும், இங்கே தாம் தேடிய நடனத்தை அரங்கில் காணும் வாய்ப்பு அவருக்கு எளிதில் கிட்டவில்லை. கோயிலையும் அரசவையையும் சார்ந்து வாழ்ந்த ஆடல்மரபுகள் அப்போது சமுதாயத்தின் ஏளனத்துக்கு இலக்காகி ஒடுங்கிக் கிடந்த காலம் அது. கீழ்த்திசைக் காட்சிகளைத் தம் நிகழ்ச்சியில் சேர்க்க விரும்பிய பாவ்லோவா, இலண்டனில் ஓவியம் பயின்று கொண்டிருந்த இவ்விளைஞரை அழைத்து, இரண்டு ஆடல்களை அமைத்துத் தருமாறு கேட்டுக் கொண்டார்.

அவ்வாறு உருவானவை 'இந்துத் திருமணம்', 'கிருஷ்ணனும் ராதையும்' என்னும் இரண்டு ஆடல்கள். 1923-ஆம் ஆண்டு செப்டம்பரில் இலண்டன் காவெண்ட் கார்டன் அரங்கில் 'கீழ்த்திசைச் சித்திரங்கள்' என்னும் தொகுப்பின் பகுதிகளாக அவை அரங்கேறின. பாவ்லோவா ராதையாக ஆட, உதயசங்கரே கிருஷ்ணனாக ஆடினார். நுனிக்காலில் நின்று சுழலப் பழகிய பாலே நடனமாதர், மணப்பெண்ணின் தோழியராகவும் கோபியராகவும் மெல்ல அசைந்து, கண்ணாலும் கையாலும் பேசக் கற்றுக் கொண்டனர். கற்பித்தவர் இருபத்து இரண்டு வயது இளைஞர். கற்றவர்களோ பல ஆண்டுகள் பயிற்சி பெற்றவர்கள். ஆயினும் அவர்களிடம் இல்லாத ஒன்று அவரிடம் இருந்தது. இந்தியச் சிற்பம் நிற்கும் நிலையை, அதன் தோளின் சாய்வை, விழியின் அமைதியை அவர் தம் உடலில் கொண்டு வந்து காட்ட வல்லவராயிருந்தார். அக்குழுவுடன் அமெரிக்க நாடெங்கும் சுற்றிவந்த பின், 1924-இல் அவர் பாவ்லோவாவிடம் விடைபெற்றார்.

இந்த முதல் கூட்டுறவை நாம் மிகைப்படுத்திப் பேசவும் வேண்டா; குறைத்துப் பேசவும் வேண்டா. அவ்வாடல்களில் சாஸ்திர முறையான இந்திய நாட்டியம் இருந்ததென்று கூற இயலாது. இந்தியாவைப் பற்றி மேல்நாட்டார் கொண்டிருந்த கனவுக்கு ஏற்ற அழகிய சித்திரங்களே அவை. ஆயினும், பெரிய குழு ஒன்று எவ்வாறு இயங்குகிறது, ஒத்திகைகள் எவ்வாறு ஒழுங்குபெறுகின்றன, ஒளியும் உடையும் நேரமும் எவ்வாறு ஆளப்படுகின்றன என்பனவற்றை விருந்தினராக வந்த இளைஞர் கூர்ந்து கண்டார். கொடுக்க வந்தவர் கொண்டும் சென்றார் என்பதே உண்மை.

அடுத்த ஆறு ஆண்டுகள் துன்பமும் தேட்டமும் நிறைந்தவை. பாரிசு நகரில் கேளிக்கை அரங்குகளில் ஆடிப் பிழைக்க வேண்டியிருந்தது. அங்கே அவருக்கு வாய்த்த முதல் துணை, பியானோ பயின்ற ஒரு பிரெஞ்சு இளம்பெண். சிம்கி என்று பெயர் பெற்ற அவர், இந்திய ஆடலைக் கற்று, பல ஆண்டுகள் உதயசங்கரோடு இணைந்து ஆடிய முதன்மை நடனமணியானார். அடுத்த துணை, சுவிட்சர்லாந்து நாட்டுச் சிற்பியான ஆலிஸ் போனர் அம்மையார். அவர் உதயசங்கருடன் 1930-இல் இந்தியா முழுவதும் பயணம் செய்தார். கோயிற் சிற்பங்களைக் கண்டும், கேரளத்துக் கதகளியைக் கண்டும், இசைக்கருவிகளையும் உடைகளையும் திரட்டியும் அப்பயணம் நடந்தது. போனர் அம்மையாரின் பொருளும் முயற்சியும் சேர்ந்திராவிடில் குழு தோன்றியிருக்கும் என்று சொல்வதற்கில்லை.

1931-ஆம் ஆண்டு மார்ச்சு 3-ஆம் நாள் பாரிசு சாம்ப்ஸ் எலிசே அரங்கில் உதயசங்கரின் இந்திய நடனக்குழு முதன்முதலாகத் தோன்றியது. அது பெரும்பாலும் ஒரு குடும்பக் குழுவே. இராஜேந்திரர், தேவேந்திரர், பத்து வயதே ஆன ரவிசங்கர் ஆகிய தம்பியரும், உறவினர் கனகலதாவும், சிம்கியும் அதில் இருந்தனர். இசைப் பொறுப்பைச் சரோத் வாசிப்பில் தேர்ந்த திமிர் பரன் ஏற்றார். பின்னர் விஷ்ணுதாஸ் சிராலி அப்பொறுப்பை நெடுங்காலம் தாங்கினார். வாத்தியக்காரர்கள் மேல்நாட்டு வழக்கப்படி மேடையின் முன்னுள்ள பள்ளத்தில் மறைந்திராமல், மேடையிலேயே நடனமாடுவோருக்குப் பின்னால், பார்ப்போர் காணுமாறு அமர்ந்தனர். அடுத்த ஆண்டு டிசம்பரில் சோல் ஹியூராக் என்னும் நிகழ்ச்சி அமைப்பாளரின் ஏற்பாட்டில் நியூயார்க் நகரில் குழு ஆடியது. அதன்பின் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல பருவங்கள் இடைவிடாத பயணமாகவே கழிந்தன.

புகழ் பெருகிய இக்காலத்திலேதான் உதயசங்கரின் உள்ளத்தில் ஒரு குறை தோன்றியது. தாம் கண்ணால் கண்டு கற்பனையால் படைத்தவற்றுக்கு மரபின் அடித்தளம் வேண்டும் என்பதை அவர் உணர்ந்தார். தாய்நாட்டில் விமரிசகர்களும் இதனைச் சுட்டிக்காட்டத் தயங்கவில்லை. எந்தச் சம்பிரதாயத்துக்கும் கட்டுப்படாத ஆடலை இந்திய நடனம் என்று உலகுக்குக் காட்டலாமா என்று அவர்கள் வினவினர். அக்கண்டனத்துக்குச் சொல்லால் மறுமொழி கூறுவதைக் காட்டிலும், மரபறிந்த ஆசான்களைத் தேடிச் செல்வதே தக்கதென்று அவர் எண்ணினார் போலும். கதகளி மேதை சங்கரன் நம்பூதிரியிடம் அவர் மாணவராக அமர்ந்தார். முருகப் பெருமானின் போர்க்கோலத்தைக் காட்டும் 'கார்த்திகேயா' என்னும் ஆடல் அவ்வாசானின் துணையோடு உருப்பெற்றதே. உலகப் புகழ் பெற்ற பின்னர், முப்பது வயதைக் கடந்த ஒருவர் மீண்டும் பாலபாடம் படிக்க முன்வந்தது சிறு செயல் அன்று.

1935-இல் குழுவுடன் பயணம் செய்ய வந்த மற்றொரு விருந்தினர் மைஹர் சமஸ்தானத்து இசைமேதை உஸ்தாத் அலாவுதீன் கான். ஏறத்தாழ ஓராண்டுக் காலமே அவர் குழுவோடு இருந்தார். ஆனால் அந்த வருகையின் விளைவு நடனத்துக்கு வெளியே நெடுந்தொலைவு சென்றது. குழுவில் ஆடியும் கருவிகள் பலவற்றைத் தொட்டுப் பார்த்தும் திரிந்த சிறுவர் ரவிசங்கர், இப்பெரியவரின் கண்டிப்பான சொற்களால் விழித்துக் கொண்டார். ஒன்றைப் பற்றி ஆழ்ந்து கற்காதவனுக்கு எதுவும் கைகூடாது என்னும் உண்மை அவருக்குப் புலப்பட்டது. 1938-இல் அவர் அரங்கின் ஒளியைத் துறந்து மைஹர் சென்று, சிதார் பயில்வதற்காக ஆசானின் காலடியில் அமர்ந்தார். குழு ஒரு நல்ல நடனக்காரரை இழந்தது. உலகம் ஒரு சிதார் மேதையைப் பெற்றது. விருந்தாக வந்தவர் வீட்டுப்பிள்ளையையே அழைத்துச் சென்றுவிட்டார் எனலாம்.

பயணம் செய்யும் குழுவினால் ஆழ்ந்த பயிற்சி இயலாது என்பதும் இக்காலத்தில் தெளிவாயிற்று. ஓரிடத்தில் தங்கி, ஆசான்களை ஒருங்கே வரவழைத்து, மாணவர்களை உருவாக்க வேண்டும் என்ற எண்ணம் உதயசங்கருக்கு உறுதிப்பட்டது. இங்கிலாந்தில் டார்ட்டிங்டன் ஹால் என்னும் கலை, கல்வி நிலையத்தை நடத்திய எல்ம்ஹர்ஸ்ட் தம்பதியர் இதற்கு உதவ முன்வந்தனர். இரவீந்திரநாத தாகூரோடு சேர்ந்து கிராமப் பணியாற்றிய லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட், இந்தியாவை நன்கு அறிந்தவர். இமயத்தின் சாரலில் அல்மோராவுக்கு அருகே சிம்தோலாவில் இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1938-இல் வித்திடப்பட்ட உதயசங்கர் இந்தியப் பண்பாட்டு நிலையம், 1940-இல் ஒழுங்கான வகுப்புகளோடு செயற்படத் தொடங்கியது.

அல்மோராவில் கூடிய ஆசான்களின் பெயர்களைக் கேட்பின் இன்றும் வியப்பு மேலிடும். கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரி. மணிப்புரிக்கு அமுபி சிங். இசைக்கு அலாவுதீன் கான். பரதநாட்டியத்துக்குக் கந்தப்பப் பிள்ளை. இவர்களுள் கந்தப்பப் பிள்ளை தஞ்சை நட்டுவனார் மரபில் வந்தவர். பாலசரசுவதியைப் பயிற்றுவித்து உருவாக்கிய பேராசான். சென்னையின் வெயிலையும் சபைகளையும் விட்டு, பனிபடர்ந்த மலைச்சாரலில், தமிழ் அறியாத மாணவர்களுக்குத் தட்டுக்கழியைத் தட்டி அடவு சொல்லிக் கொடுக்க அவர் அங்கே சென்றார். ஒரே கூரையின் கீழ் இந்தியாவின் நான்கு திசைகளிலிருந்தும் வந்த கலைகள் காலை முதல் மாலை வரை முறைவைத்துப் பயிற்றுவிக்கப்பட்டமை அதற்கு முன் காணாத புதுமை.

இங்கே ஒரு நுட்பமான சிக்கல் எழுந்தது. விருந்தாசான்கள் தத்தம் மரபை அதன் தூய்மை குன்றாமல் கற்பிக்க வந்தனர். நிலையத்தின் நோக்கமோ மாணவரைப் பரதநாட்டியக் கலைஞராகவோ கதகளி நடிகராகவோ ஆக்குவது அன்று. பலவற்றையும் கற்ற உடல், எந்த ஒன்றுக்கும் அடிமையாகாமல் புதியதைப் படைக்க வேண்டும் என்பதே உதயசங்கரின் கொள்கை. அதற்கென அவரே ஒரு பொது வகுப்பை நடத்தினார். மாணவர் நடப்பது எப்படி, நிற்பது எப்படி, வழியில் கண்ட மனிதரை நினைவில் நிறுத்தி உடலில் காட்டுவது எப்படி என்பன அங்கே பாடங்கள். ஒரு சூழ்நிலையைச் சொல்லி, அப்பொழுதே ஆடலாக அமைக்கச் சொல்வதும் உண்டு. ஆசானின் பாடத்தில் பணிவும், பொது வகுப்பில் துணிவும் மாணவரிடம் எதிர்பார்க்கப்பட்டன. ஒரு மரபில் முழுமையாக மூழ்குவதற்குப் பன்னிரண்டாண்டு போதாது என்று கருதும் ஆசானுக்கு இவ்வேகம் கவலையளித்திருக்கக் கூடும். ஆயினும் இரண்டும் ஒருங்கே கிடைத்த மாணவர் பின்னாளில் எவ்வாறு மலர்ந்தனர் என்பதை வரலாறு காட்டுகிறது.

இக்காலத்து ஆடல்களின் பொருளும் மாறியது. சிவனும் இந்திரனும் கந்தருவரும் ஆடிய மேடையில், 'வாழ்வின் தாளம்', 'உழைப்பும் இயந்திரமும்' என்னும் ஆடல்கள் தோன்றின. பின்னதில், ஆலையில் உழைக்கும் மனிதன் தானே ஓர் இயந்திரமாகிவிடும் அவலம், நடனமாடுவோரின் உடலே பற்சக்கரமும் உருளையுமாக இயங்குவதன் மூலம் காட்டப்பட்டது. இராமாயணக் கதையைப் பெரிய வெண்திரையில் நிழலுருவாக ஆடிக் காட்டிய 'இராமலீலை' மற்றோர் அரிய முயற்சி. திறந்த வெளியில் நடந்த அந்நிகழ்ச்சியை மலைக்கிராமத்து மக்கள் திரளாக வந்து கண்டனர். பாரிசு நகரத்துச் செல்வருக்காகத் தொடங்கிய கலை, இமயத்து உழவர்களின் முற்றத்துக்கு வந்து சேர்ந்தது.

எனினும் நிலையம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1939-இல் மூண்ட உலகப்போர் அயல்நாட்டுப் பயணங்களை அடைத்து விட்டது. பயண வருவாய் நின்றது, நன்கொடையும் சுருங்கியது, நிலையத்துக்குள்ளும் மனவேறுபாடுகள் தோன்றின. 1944-இல் அல்மோரா நிலையம் மூடப்பட்டது. எல்லாப் பொறுப்பும் ஒருவர் தோளிலேயே இருந்ததும் இதற்கு ஒரு காரணம் எனல் வேண்டும். ஆசான்கள் பலர் வந்தனர். ஆனால் படைப்புரிமையும் முடிவுரிமையும் உதயசங்கர் ஒருவரிடமே இருந்தன. தலைவரின் உள்ளம் திரைப்படத்தின் பக்கம் திரும்பியபோது, நிலையத்தைத் தாங்கிப் பிடிக்க இரண்டாவது தூண் இல்லாமற் போயிற்று.

இங்கேதான் சென்னை இவ்வரலாற்றில் இடம் பெறுகிறது. தம் கனவைத் திரையில் பதிக்க விழைந்த உதயசங்கர், எஸ். எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோவில் 'கல்பனா' என்னும் படத்தை எடுத்தார். கே. ராம்நாத் ஒளிப்பதிவு செய்தார். உதயசங்கரும் அவர் மனைவி அமலாவும் முதன்மைப் பாத்திரங்களை ஏற்றனர். பின்னாளில் தமிழகமெங்கும் புகழ் பெற்ற பத்மினி, இளம்பெண்ணாக அதில் ஆடினார். இமயமலையில் ஒரு கலைநிலையம் அமைக்கக் கனவு காணும் உதயன் என்னும் நடனக் கலைஞனின் கதை அது. அக்கதையைக் கேட்கும் படமுதலாளி, இதனால் காசு வராது என்று தள்ளிவிடுவதாகவும் அதில் ஒரு காட்சி உண்டு. 1948-இல் வெளிவந்த அப்படமும் வசூலில் வெற்றி பெறவில்லை. எழுதியதே நடந்து விட்டது.

ஆனால் அந்தத் தோல்வியைப் பற்றி இன்று நாம் வேறு வகையாக எண்ண வேண்டியிருக்கிறது. நடனம் ஆடுவோரின் உடலோடு வாழ்ந்து உடலோடு மறையும் கலை. கவிதை ஏட்டிலும் சிற்பம் கல்லிலும் எஞ்சி நிற்கும். ஆடலுக்கு அத்தகைய புகலிடம் இல்லை. காவெண்ட் கார்டனில் பாவ்லோவா ஆடிய ராதையை இனி எவரும் காண முடியாது. அல்மோராவின் நிழலாட்டமும் மறைந்தது. 'உழைப்பும் இயந்திரமும்' போன்ற ஆடல்களை ஓரளவேனும் நாம் இன்று கண்டறிவதற்குக் 'கல்பனா' ஒன்றே துணை. அப்படச்சுருள் சிதையாமல் புதுப்பிக்கப்பட்டு, 2012-இல் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டபோது, தொண்ணூறு வயதைக் கடந்த அமலா சங்கர் அங்கே நேரில் இருந்தார். அவர் 2020-இல் மறைந்தார்.

மற்றொரு புகலிடம் மாணவர்கள். அல்மோராவில் பயின்ற சாந்தி பர்தன், 1944-இல் பம்பாயில் இந்திய மக்கள் நாடக மன்றத்தின் நடனப் பிரிவுக்கு ஆடல்கள் அமைத்தார். 1952-இல் 'லிட்டில் பாலே குழு'வைத் தொடங்கி, நடனமாடுவோர் பொம்மைகளைப் போல அசைந்தாடும் 'இராமாயண'த்தைப் படைத்தார். கொடிய நோயால் 1954-இல் அவர் மறைந்த பின்னரும், அவருடைய துணைவியார் குல் பர்தனும் தோழர் பிரபாத் கங்குலியும் அக்குழுவைக் காத்தனர். சச்சின் சங்கர் பம்பாயில் தம் குழுவை அமைத்தார். நரேந்திர சர்மா தில்லியில் 1972-இல் 'பூமிகா' என்னும் குழுவை நிறுவினார். ஜோரா சேகல் நாடகத்திலும் திரையிலும் நெடுங்காலம் ஒளிர்ந்தார். திரைப்பட இயக்குநர் குருதத்தும் அல்மோரா மாணவரே. அவருடைய படங்களில் பாடற்காட்சிகள் கொண்டுள்ள இயக்கத்தின் ஒழுங்கைக் காண்போர், அப்பயிற்சியின் சாயலை அங்கே உணரலாம்.

உதயசங்கர் 1962-இல் சங்கீத நாடக அகாதமியின் உயர்மதிப்பையும், 1971-இல் பத்மவிபூஷண் விருதையும் பெற்றார். 1977-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் கல்கத்தாவில் காலமானார். அவர் பெயர் நிலைத்துவிட்டது. அவருக்குத் துணை நின்ற ஆசான்களின் பெயர்கள் அந்த அளவுக்குப் போற்றப்படுகின்றனவா என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது. பாவ்லோவாவின் குழுவில் தம் பங்கு மதிக்கப்பட்டதனால் தலைநிமிர்ந்தவர் அவர். கந்தப்பப் பிள்ளையும் சங்கரன் நம்பூதிரியும் அமுபி சிங்கும் அல்மோராவில் இட்ட உரம் எத்தனையோ ஆடல்களில் பயிராயிற்று. ஆனால் எந்த அசைவு எவர் தந்தது என்று பிரித்தறிய இன்று வழியில்லை. ஆசானும் அவருடைய மாணவரும் மறைந்த பின் அவ்வறிவை மீட்பது அரிது.

ஆகவே, இன்று புதுமை நடனக் குழுக்களை நடத்துவோர் இவ்வரலாற்றிலிருந்து சிலவற்றை மனத்திற் கொள்ளலாம். விருந்தாசானை அழைக்கும்போது, அவர் கலையின் மேற்பூச்சை மட்டும் கேளாமல், அதன் வேரையும் கற்கும் பொறுமை வேண்டும். அவர் அமைத்த ஆடலில் அவர் பெயர் விளங்கப் பொறிக்கப்பட வேண்டும். ஆடல் அரங்கேறிய அன்றே அதனைப் படமாகவும் குறிப்பாகவும் பாதுகாக்கும் ஏற்பாடு வேண்டும். குழு ஒருவர் தோளிலேயே நில்லாமல் பலர் தோளில் நிற்கவும் வேண்டும். இவை கைகூடுமானால், ஒரு பருவம் தங்கிச் செல்லும் விருந்தினரின் கலை, அவரை நேரில் காணாத தலைமுறைக்கும் உரிமையாகும். அல்மோராவின் மலைச்சாரலில் நான்கு ஆண்டுகள் ஒலித்த சலங்கைகள் நமக்கு விட்டுச் சென்றிருக்கும் கடமை இதுவே.